கனரக லேத்தில் லீவர் நழுவினால் கியரை மட்டும் மாற்றினால் போதுமா?

வாசகர் கடிதம்:

ஐயா, வணக்கம். சிறிய பட்டறை ஒன்று வைத்திருக்கிறேன். 1960-களில் செய்யப்பட்ட கனரக லேத் ஒன்றைப் போன வருடம் பழையதாக வாங்கினேன். பெட் நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஹெட்ஸ்டாக் என்கிற வேக கியர் பெட்டியைக் குறைந்த வேகத்தில் போட்டு ஆழமாக கட் எடுத்தால் ‘டக் டக்’ என்று சத்தம் வருகிறது. சில நேரம் லீவர் தானாகவே நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. மேல்மூடியைத் திறந்து பார்த்தேன். நகரும் கியர் தொகுப்பில் உள்ள 32 பல் கியரில் இரண்டு பற்களின் ஓரம் உடைந்திருக்கிறது. அது சேரும் 64 பல் கியரும் தேய்ந்திருக்கிறது. எண்ணெயில் மினுமினுப்பு தெரிகிறது. 32 பல் கியரின் வெளிவிட்டம் 107.9 மி.மீ. கியர் வெட்டித் தருபவர், “இது 3.25 மாட்யூலாக இருக்கும், மாதிரியைக் கொடுங்கள், அப்படியே வெட்டித் தருகிறேன்” என்கிறார். அந்த ஒரு கியரை மட்டும் மாற்றினால் போதுமா? உடைந்த பல்லில் வெல்டிங் வைத்து அரைத்துக்கொள்ளலாமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு, வணக்கம்.

மாதிரியை இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் இன்றே போய்த் திரும்ப வாங்கிவிடுங்கள். உங்களுடையது மாட்யூல் கியரே இல்லை, அதாவது பல்லின் அளவை மில்லிமீட்டர் கணக்கில் வைத்து வெட்டிய கியர் இல்லை.

நீங்கள் எழுதிய அளவை வைத்தே இதைச் சொல்லிவிடலாம். சாதாரண நேர்ப்பல் கியரில் பல் எண்ணிக்கையோடு 2 கூட்டி, அதைக் கொண்டு வெளிவிட்டத்தை வகுத்தால் மாட்யூல் வரும். உங்கள் கியருக்கு 107.9-ஐ 34-ஆல் வகுத்தால் 3.17. மாட்யூல் 3.25 என்றால் வெளிவிட்டம் 110.5 இருந்திருக்க வேண்டும். இரண்டரை மில்லிமீட்டர் வித்தியாசத்தைத் தேய்மானத்தின் கணக்கில் எழுத முடியாது. கியரில் தேய்வது பல்லின் பக்கங்கள். நுனி எதையும் தொடுவதில்லை, அதனால் வெளிவிட்டம் எத்தனை வருடமானாலும் பெரும்பாலும் அப்படியே நிற்கும். 3.17 என்பது அங்குலக் கணக்கில் வெட்டிய கியரின் அடையாளம். 25.4-ஐ 8-ஆல் வகுத்தால் 3.175, அதை 34-ஆல் பெருக்கினால் 107.95. ஆக, உங்களுடையது 8 டி.பி. (டயமெட்ரல் பிட்ச்) கியர், அதாவது பிட்ச் வட்டத்தின் (இரண்டு கியரும் தொட்டு உருள்வதாகக் கணக்கிடும் வட்டம்) ஒவ்வொரு அங்குல விட்டத்துக்கும் எட்டுப் பல்.

இதை இன்னொரு வழியிலும் உறுதி செய்யுங்கள். இரண்டு ஷாஃப்டுகளுக்கும் இடையே மைய தூரத்தை அளந்து பாருங்கள். வெளிப்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் வரை எடுத்து, இரண்டு ஷாஃப்டின் பாதி விட்டங்களையும் கழித்தால் போதும். 32-ம் 64-ம் சேர்ந்தால் 96. அதில் பாதி 48. 48-ஐ 8-ஆல் வகுத்தால் சரியாக 6 அங்குலம், 152.4 மி.மீ. உங்கள் அளவும் அதை ஒட்டி வந்தால் இனிச் சந்தேகம் வேண்டாம். மாட்யூல் 3.25-ல் வெட்டிய ஜோடிக்கு 156 மி.மீ. வேண்டும், அந்தக் கியர் உங்கள் பெட்டிக்குள் சேரவே சேராது. பெட்டி வார்ப்பில் துளைகளின் தூரம் மாறுவதில்லை. பழைய இயந்திரத்தில் நான் முதலில் நம்புவது அந்த அளவைத்தான்.

அடுத்தது பிரஷர் ஆங்கிள், அதாவது பல்லின் பக்கம் சாய்ந்திருக்கும் கோணம். பழைய அங்குல இயந்திரங்கள் பலவற்றில் 14½ டிகிரி இருக்கும், பின்னால் வந்தவற்றில் 20 டிகிரி. கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம், தேய்ந்த பல்லில் இன்னும் கடினம். வெர்னியரையோ டிஸ்க் மைக்ரோமீட்டரையோ எடுத்து மூன்று பல்லைச் சேர்த்துப் பிடித்து ஒரு அளவு எடுங்கள். பிறகு நான்கு பல்லைச் சேர்த்துப் பிடித்து இன்னொரு அளவு. தாடைகள் பல்லின் நடு உயரத்தில், பக்கத்தைத் தொட்டபடி உட்கார வேண்டும். பெரிய அளவிலிருந்து சிறியதைக் கழியுங்கள். 8 டி.பி.க்கு விடை 9.66 மி.மீ.யை ஒட்டி வந்தால் 14½ டிகிரி, 9.37-ஐ ஒட்டி வந்தால் 20 டிகிரி. ஒரே அளவை மட்டும் எடுத்து முடிவு செய்யாதீர்கள், இதில் ஒரு பொறி இருக்கிறது. 32 பல் கியரில் நான்கு பல்லின் அளவு, புதிதாக இருக்கும்போது 14½ டிகிரிக்கு 34.34, 20 டிகிரிக்கு 34.23. அதாவது பத்தில் ஒரு மில்லிமீட்டர் தேய்ந்த 14½ டிகிரி கியர், புத்தம்புது 20 டிகிரி கியரின் அளவையே காட்டும். கழித்துப் பார்த்தால் தேய்மானம் இரண்டு அளவிலிருந்தும் ஒரேபோல விலகிவிடும், கோணம் மட்டும் மிஞ்சும். ஒரே சீராகத் தேய்ந்த இடமாகப் பார்த்து அளக்க வேண்டும். முடிந்தால், எதிர்க் கியர் தொடாத ஓரப் பகுதியில் அளப்பது இன்னும் நல்லது.

14½ டிகிரி என்று தெரிந்தால் ஒரு எச்சரிக்கை. அந்தக் கோணத்தில் 32-க்குக் குறைந்த பல் உள்ள கியர்களில் பல்லின் அடிப்பகுதி வெட்டும்போதே கொஞ்சம் குடைந்துவிடும். உங்கள் பெட்டியில் உள்ள சிறிய கியர்களின் அடியில் இடுப்பு சிறுத்ததுபோல் தெரிந்தால் அதைத் தேய்மானம் என்று நினைத்துக் கழித்துவிடாதீர்கள், அது பிறவியிலேயே வந்தது.

இனி நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். லீவர் ஏன் நழுவுகிறது?

தொழிலுக்கு வந்த புதிதில், நான் வேலை பார்த்த இடத்தில் உங்களுடையதைப் போலவே ஒரு பழைய லேத் இருந்தது. அதன் நகரும் கியரை ஒரே வருடத்தில் மூன்று முறை மாற்றினோம். ஒவ்வொரு முறையும் புதுக் கியர், நல்ல இரும்பு, நல்ல ஹார்டனிங். நான்கு மாதத்தில் மறுபடியும் அதே ஓரம் உடையும், அதே லீவர் நழுவும். மூன்றாவது தடவைதான் ஒருவர் பழைய கியரை வெளிச்சத்தில் பிடித்து, பல்லின் பக்கத்தில் இருந்த ஒரு கோட்டை விரலால் தடவிக் காட்டினார். பல்லின் முழு அகலமும் தேயவில்லை. முக்கால் பங்கு அகலத்தில் பளபளப்பு, அதற்கப்பால் படிபோல் ஒரு விளிம்பு, மிச்சக் கால்பங்கில் கருப்பு மாறாத பழைய பரப்பு. கியர் முழுதாக உள்ளே போகவே இல்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. கியரைப் பிடித்துத் தள்ளும் ஃபோர்க்கின் முனையிலிருந்த பித்தளைப் பேட் தேய்ந்து, லீவர் தன் குழியில் உட்கார்ந்த பிறகும் கியர் பாதி வழியிலேயே நின்றுகொண்டிருந்தது. அந்தச் சின்னப் பித்தளைத் துண்டைக் கடைந்து போட்ட பிறகு அந்தக் கியர் பல வருடம் ஓடியது. அன்றிலிருந்து எந்தக் கியர் கைக்கு வந்தாலும் முதலில் அந்தக் கோட்டைத்தான் தேடுகிறேன்.

உங்கள் 32 பல் கியரிலும் தேடுங்கள். பளபளப்பான பட்டையின் அகலத்தை அளந்து கியரின் அகலத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டு கியரின் அகலமும் சமமாக இருந்து, பட்டை மட்டும் குறைவாக இருந்தால் பழுது மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும்: ஃபோர்க் பேட், லீவர் ஷாஃப்டில் உள்ள பின்னும் கீயும், அல்லது லீவரின் அடியில் இருக்கும் குண்டும் ஸ்பிரிங்கும். குண்டு உட்காரும் குழி வட்டமாகத் தேய்ந்திருந்தால் எந்த ஸ்பிரிங் போட்டாலும் நிற்காது. குழியையே புதிதாகப் போட வேண்டும்.

பாதி மட்டும் சேர்ந்து ஓடும் பல் சரிவாகத் தேயும். ஒரு முனை தடித்தும் மறுமுனை மெலிந்தும் இருக்கும். அதோடு ஸ்ப்ளைனும் (கியர் நகர்வதற்காக ஷாஃப்டில் நீளவாக்கில் வெட்டிய வரிகள்) தளர்ந்திருந்தால், சுமை ஏறும்போது கியர் ஒவ்வொரு சுற்றிலும் லேசாகச் சாய்ந்து நிமிர்கிறது. சாயும்போதெல்லாம் அந்தச் சரிவின் வழியே மயிரிழை அளவு வெளியே நகர்கிறது. ஆழமான கட்டில்தான் லீவர் நழுவுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பது இதனோடு சரியாகப் பொருந்துகிறது. அதனால் புதுக் கியரை மட்டும் மாட்டினால் சில மாதம் நிம்மதியாக ஓடும், பிறகு இதே கடிதத்தை மறுபடியும் எழுதுவீர்கள்.

பற்களின் ஓரம் உடைந்ததற்குக் காரணம் வேறாகவும் இருக்கலாம். ஓரம் மட்டும் சில்லாகப் பெயர்ந்திருந்தால், ஸ்பிண்டில் (வேலைப்பொருளைச் சுழற்றும் முதன்மை ஷாஃப்ட்) நிற்பதற்கு முன்பே லீவரைத் தள்ளியிருக்கிறார்கள். இயக்குபவரைக் குறை சொல்லும் முன் பிரேக்கைப் பாருங்கள். கிளட்சை விட்டதும், வேலைப்பொருளைப் பிடிக்கும் சக் எவ்வளவு நேரத்தில் நிற்கிறது? நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் பிரேக் லைனிங் தேய்ந்திருக்கும், அல்லது கிளட்ச் பிளேட்டுகள் முழுதாக விடாமல் இழுத்துக்கொண்டிருக்கும். அவசரத்தில் இருப்பவர் எத்தனை முறைதான் காத்திருப்பார்?

மூடியை மட்டும் திறந்திருக்கிறீர்கள், இன்னும் எதையும் கழற்றவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். நல்லது. கழற்றிவிட்டால் திரும்பக் கிடைக்காத தகவல் நிறைய இருக்கிறது. மூடியைப் போட்டு, எல்லா வேகத்திலும் சுமையில்லாமல் ஓட்டிக் கேளுங்கள். ‘டக்’ சத்தத்தை எண்ணுங்கள். ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 40 சுற்றும்போது 40 முறை கேட்டால் கோளாறு ஸ்பிண்டிலோடு சுற்றும் கியரில். 160 முறை கேட்டால் அதைவிட நான்கு மடங்கு வேகத்தில் சுற்றும் ஷாஃப்டில். எந்த லீவர் நிலையில் சத்தம் நிற்கிறதோ அந்த நிலையில் வேலை செய்யாத கியரைச் சந்தேகியுங்கள். நீண்ட மரக்குச்சியின் ஒரு முனையைப் பேரிங் மூடிகளில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்தால் எந்த ஷாஃப்ட் கரகரக்கிறது என்பது தெளிவாகத் தெரியும். ஓடும்போது சக், ஷாஃப்ட் எதன் அருகிலும் தளர்ந்த உடையோடு போகாதீர்கள்.

பிறகு மெயின் ஸ்விட்சை அணைத்து, ஃபியூஸைக் கையோடு எடுத்துக்கொண்டு உள்ளே இறங்குங்கள். ஒவ்வொரு ஷாஃப்டின் மீதும் டயல் கேஜ் முனையை வைத்து, மரக்கட்டையால் ஷாஃப்டை மேலே நெம்புங்கள். முள் 0.05 மி.மீ.யைத் தாண்டினால் பேரிங் போய்விட்டது, அல்லது பேரிங்கின் வெளி வளையம் பெட்டியின் துளைக்குள்ளேயே சுற்றிச் சுற்றித் துளையைப் பெரிதாக்கியிருக்கிறது. இரண்டாவது கொடியது. பேரிங்கை வெளியே எடுத்த பிறகு துளை கண்ணாடிபோல் மின்னினால் அதுதான் நடந்திருக்கிறது. சுமை வரும்போதெல்லாம் ஷாஃப்டுகள் விலகிக்கொடுக்கும்; பற்கள் நுனியோடு நுனியாகத்தான் தாங்கும். அந்தத் துளையைப் பெரிதாக போர் செய்து புஷ் என்கிற வளையத்தை இறக்கி, பழைய மைய தூரத்துக்கே திரும்பக் கடைய வேண்டும். பசை ஊற்றிப் பேரிங்கை ஒட்டுவது லேசான தளர்ச்சிக்குச் சரி. துளை நீள்வட்டமாகிவிட்ட இடத்தில் அது ஏமாற்று வேலை.

ஸ்பிண்டிலையும் இதேபோல் நெம்பிப் பாருங்கள். அளவு சரியாக இருந்தால் அதைத் தொடாதீர்கள். நன்றாக ஓடும் ஸ்பிண்டிலை “எப்படியும் திறந்துவிட்டோமே” என்று கழற்றி, பேரிங் இறுக்கத்தைக் கெடுத்து, பிறகு ஒருநாளும் பழைய துல்லியத்துக்கு வராத லேத்துகளைப் பார்த்திருக்கிறேன்.

பேக்லாஷை ஒரே இடத்தில் அளந்து திருப்தியடையாதீர்கள். ஒரு கியரை அசையாமல் பிடித்து, மற்றதன் பல்லில் டயல் வைத்து, முன்னும் பின்னும் ஆட்டினால் வருவது பேக்லாஷ். சுற்றில் எட்டு இடங்களிலாவது எடுங்கள். உங்கள் அளவு கியருக்குப் புதிதாக இருக்கும்போது 0.10-லிருந்து 0.16 மி.மீ. வரை இருக்கும். எல்லா இடத்திலும் ஒரேபோல் கூடியிருந்தால் பல் தேய்ந்திருக்கிறது அல்லது மையங்கள் விலகியிருக்கின்றன. ஓரிடத்தில் இறுகி எதிர்ப்பக்கத்தில் தளர்ந்தால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது அல்லது கியரின் துளை மையத்தில் இல்லை. டயல் நுழைய இடமில்லாத ஜோடிக்கு மென்மையான ஈயக் கம்பியைப் பல்லிடையே விட்டுக் கையால் சுற்றுங்கள்; நசுங்கி வந்த துண்டில் பல்லின் இருபக்கத்துத் தடிமனையும் அளந்து கூட்டினால் பேக்லாஷ் கிடைத்துவிடும்.

ஒவ்வொரு பாகமும் வெளியே வரும்போது எந்தப் பக்கம் சக்கை நோக்கி இருந்தது என்று குறியிடுங்கள், படம் எடுங்கள். ஷிம்களை (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகளை) அந்தந்த ஷாஃப்டோடு கட்டி வையுங்கள். டேப்பர் பின்னைச் சிறிய முனையிலிருந்து தட்ட வேண்டும். எந்த முனை சிறியது என்று வெர்னியர் வைத்துப் பார்த்துவிட்டுச் சுத்தியலை எடுங்கள். எப்போதும் சேர்ந்தே ஓடும் ஜோடி என்றால் எந்தப் பல் எந்தப் பல்லோடு சேர்ந்திருந்தது என்றும் குறியிடுவேன். 32-க்கு 64 போன்ற சரிமடங்கு ஜோடியில் ஒரு பல் எதிர்க்கியரின் குறிப்பிட்ட இரண்டு பற்களையே ஆயுள் முழுதும் சந்திக்கும், அவை ஒன்றுக்கொன்று பழகியிருக்கும். உங்களுடையது நகரும் கியர். ஒவ்வொரு முறை சேரும்போதும் ஜோடி மாறும். அதனால் உடைந்த இரண்டு பல்லும் 64 பல் கியரில் எந்தப் பல்லை வேண்டுமானாலும் அடித்திருக்கும். 64-ஐயும் ஒன்று விடாமல் பார்க்க வேண்டும்.

பார்ப்பது எப்படி? எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்த பிறகு, சாய்வாக விழும் வெளிச்சத்தில். பிட்ச் கோட்டை ஒட்டிச் சின்னச் சின்னக் குழிகள், ஊசிமுனை அளவில், பரவாமல் இருந்தால் அது புதிதில் பழகியபோது வந்ததாக இருக்கலாம்; அப்படியே ஓட விடலாம். குழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தால் ஹார்டனிங் தோல் அடியிலிருந்து விட்டுப்போகிறது, அந்தக் கியருக்கு வாழ்வில்லை. பல்லின் உயரத்தின் திசையில் கீறல்கள் ஓடினால் எண்ணெய்ப் படலம் கிழிந்திருக்கிறது, அல்லது எண்ணெயில் மண்ணும் துருவலும் இருந்திருக்கின்றன. எனக்கு அதிகம் பயம் தருவது பல்லின் அடிவளைவில் வரும் மயிரிழை விரிசல். கண்ணுக்குத் தெரியாது. டை பெனட்ரன்ட் தெளிப்பானில் ஒரு செட் வாங்கி, சிவப்புச் சாயத்தை அடித்துப் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டுத் துடைத்து, வெள்ளை மாவை அடியுங்கள். விரிசல் இருந்தால் சிவப்புக் கோடாக எழுந்து வரும். உடைந்த இரண்டு பல்லுக்கு அக்கம்பக்கத்துப் பற்களை முதலில் சோதியுங்கள். பாதிச் சுமையை அவைதான் கூடுதலாகத் தாங்கியிருக்கும்.

உடைந்த பரப்பையும் பாருங்கள். முழுதும் மணல்போல் சொரசொரப்பாக, ஒரே நிறத்தில் இருந்தால் ஒரே அடியில் உடைந்தது. ஒரு மூலையில் வழவழப்பாகத் தொடங்கி, கடற்கரை மணலில் அலை விட்டுப்போன கோடுகள்போல் வளைவு வளைவாகப் போய், கடைசியில் மட்டும் சொரசொரப்பாக முடிந்தால் அது நாள்கணக்கில் மெல்ல வளர்ந்த விரிசல். அப்படியென்றால் மற்றப் பற்களிலும் அது வளர்ந்துகொண்டிருக்கும்.

வெல்டிங் கேட்டிருந்தீர்கள். ஹெட்ஸ்டாக் கியரில் வேண்டாம். மேல்தோல் ஹார்டன் செய்த பல்லில் வெல்டிங் வைத்தால் சுற்றிலும் ஒரு பட்டை நொறுங்கும் கடினமாகவும், அதற்கு அடுத்த பட்டை மென்மையாகவும் மாறிவிடும். அது பெயர்ந்து விழுவது மற்ற கியர்களுக்கு நடுவில். ஒரு பல்லைக் காப்பாற்றப்போய்ப் பெட்டி முழுவதையும் இழக்க நேரும். மெதுவாகச் சுற்றும் வார்ப்பிரும்பு சேஞ்ச் கியரில் (மரைக்கு ஏற்ப மாற்றி மாட்டும் கியர்) ஒரு பல் போயிருந்தால் பழைய முறை ஒன்று உண்டு: பல் இருந்த இடத்தில் வரிசையாகத் துளையிட்டு மரை போட்டு ஸ்டட்களை இறக்கி, பல்லின் வடிவத்துக்கு அரத்தால் ராவி எடுப்பது. பொறுமையான வேலை, அந்த இடத்துக்குப் போதுமானது.

உங்கள் ஜோடிக்கு என் யோசனை, இரண்டையும் புதிதாகச் செய்யுங்கள் என்பதே. தேய்ந்த 64-ன் மேல் புது 32-ஐ ஓட விட்டால், பழைய பல்லின் கெட்ட வடிவத்தைப் புதுப்பல் சீக்கிரமே கற்றுக்கொள்ளும். பழையது கடினமாகவும் சொரசொரப்பாகவும் இருந்து புதியது மென்மையாக இருந்தால் அரம்போல ராவிவிடும். இரண்டையும் மாற்றுவதில் இன்னொரு ஆதாயம்: 14½ டிகிரி ஹாப் கட்டர் (கியர் பல் வெட்டும் உருளை வெட்டி) கிடைக்காவிட்டால் இரண்டையும் 20 டிகிரியில் 8 டி.பி.யாகவே வெட்டிக்கொள்ளலாம். பல் எண்ணிக்கையும் மைய தூரமும் மாறாது, பல்லின் அடி தடித்து இன்னும் வலுவாகும். ஆனால் ஒரு பக்கம் 14½, மறுபக்கம் 20 என்று கலந்தால் இரைச்சலோடு தேய்மானமும் சேர்ந்து வரும். இதைக் கியர் வெட்டுபவரிடம் எழுதியே கொடுங்கள்.

32 பல் கியர் தொகுப்போடு ஒரே துண்டாக இருந்தால் முழுத் தொகுப்பையும் செய்ய வேண்டியதில்லை. மற்ற கியர்கள் நன்றாக இருந்தால், இந்த ஒன்றின் பற்களைக் கடைந்து நீக்கிவிட்டுப் பல் வெட்டிய வளையத்தை மேலே ஏற்றலாம். பழைய பல் கடினமாக இருக்கும், கார்பைட் டூலில் மெதுவாக எடுங்கள். கணக்கு இப்படி: பல்லின் அடிவிட்டம் ஏறக்குறைய 94 மி.மீ. வளையத்தின் உள்துளையை 78 மி.மீ. என்று வைத்தால் பல்லுக்குக் கீழே 8 மி.மீ. கனம் நிற்கும். இரண்டு மாட்யூலுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது என் வழக்கம், இது இரண்டரை. துளையை 0.05-லிருந்து 0.07 மி.மீ. வரை சிறிதாக விட்டு, வளையத்தை அவனில் அல்லது எண்ணெயில் 150 டிகிரிக்குச் சூடாக்கினால் 0.1 மி.மீ.க்குக் கொஞ்சம் கூடுதலாக விரியும். கையுறையோடு ஒரே மூச்சில் இறக்கிவிடலாம். கேஸ் டார்ச்சைக் கொண்டு சுடாதீர்கள். நீலம் ஏறிய இடத்தில் பல்லின் கடினம் இறங்கிவிட்டது என்று பொருள். குறைந்த வேகத்தில் முறுக்குவிசை அதிகம் என்பதால், இணைப்புக் கோட்டின் மேலேயே பாதி வளையத்திலும் பாதி உள்துண்டிலுமாக மூன்று பின் இறக்கிக்கொள்வது நல்லது. அதற்கான இடத்தில் ஹார்டனிங் ஏறாமல் இருக்கக் கார்பன் தடுப்புப் பூச்சு பூசச் சொல்லுங்கள்.

வளையம் செய்வதில் இன்னொரு வசதி: தொகுப்பில் அடுத்த கியர் ஒட்டியே நிற்கும்போது ஹாப் கட்டர் வெளியேற இடமிருக்காது, ஷேப்பிங் இயந்திரத்தைத் தேட வேண்டும். வளையமாகச் செய்தால் தனியாக ஹாப் செய்துவிட்டு ஏற்றிக்கொள்ளலாம்.

எந்த இரும்பு? முதலில் பழைய பல்லின் மேல் புது வழவழப்பு அரத்தை ஓட்டிப் பாருங்கள். அரம் வழுக்கினால் அது மேல்தோல் ஹார்டன் செய்தது, 58-லிருந்து 62 எச்.ஆர்.சி. (கடினத்தின் அளவு) வரை இருக்கும். அப்படியென்றால் ஈ.என். 36 அல்லது 20 எம்.என்.சி.ஆர். 5 எடுத்து, 0.7-லிருந்து 0.9 மி.மீ. ஆழத்துக்குக் கேஸ் ஹார்டனிங் செய்து, துளையைக் கிரைண்டிங் செய்ய வேண்டும். அந்தக் கிரைண்டிங்கில் கியரை வெளிவிட்டத்தில் பிடிக்கக்கூடாது, பற்களுக்கிடையே உருளைப் பின்களை வைத்துப் பிட்ச் வட்டத்தில் பிடிக்க வேண்டும். ஹீட் ட்ரீட்மென்டில் வளையம் கொஞ்சமாவது கோணும். இப்படிப் பிடித்தால்தான் துளையும் பல்லும் ஒரே மையத்தில் நிற்கும். பல்லைக் கிரைண்டிங் செய்யும் வசதி கிடைக்கவில்லை, கோணல் பயம் அதிகம் என்றால், ஈ.என். 24-ஐ முன்கூட்டியே 30 எச்.ஆர்.சி. அளவுக்கு டஃபன் செய்து, அதன் பிறகு பல் வெட்டி அப்படியே மாட்டலாம். ஆயுள் குறைவு, ஆனால் வடிவம் உண்மையாக இருக்கும். உங்களைப் போல ஒரு ஷிஃப்ட் ஓடும் சிறு பட்டறைக்கு, இரண்டு கியரையும் இப்படிச் செய்தால் தவறில்லை என்பது என் எண்ணம். இரண்டையும் என்ற சொல்லை மறந்துவிடாதீர்கள்.

ஸ்ப்ளைன் ஷாஃப்டை விட்டுவிடாதீர்கள். புதுக் கியரை ஏற்றி, கியரின் வெளிவிட்டத்தில் டயல் வைத்துக் கையால் சாய்த்துப் பாருங்கள். சாய்ந்தால் ஷாஃப்டின் பக்கங்களில் கியர் வழக்கமாக நின்ற இடங்களில் பள்ளம் விழுந்திருக்கும், நகத்தால் தடவினாலே தெரியும். அந்தப் பள்ளத்தோடு புதுக் கியரை மாட்டினால் மேலே சொன்ன சாய்வு மறுநாளே தொடங்கிவிடும். ஷாஃப்டைப் புதிதாகச் செய்வதுதான் வழி.

இணைக்கும்போது பல்லில் மெல்லியதாகப் புளூ (தொடும் இடத்தைக் காட்டும் நீலச் சாயம்) தடவிக் கையால் சுற்றுங்கள். தடம் பல்லின் நடுவில், அகலத்தில் முக்கால் பங்குக்குமேல் பரவி வர வேண்டும். ஒரு முனையில் மட்டும் வந்தால் ஷாஃப்டுகள் இணையாக இல்லை. புஷ் இறக்கிய துளையைத் திரும்பப் பாருங்கள். லீவரை அதன் குழியில் போட்ட நிலையில் இரண்டு கியரின் விளிம்புகளும் ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். மூடியைப் போடும் முன் இதை ஒவ்வொரு லீவர் நிலைக்கும் செய்ய வேண்டும்.

பக்கத்தில் இருக்கும் இரண்டு விஷயத்தை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். டூலை நகர்த்தும் ஃபீட் ராடில் ஷியர் பின் (சுமை மீறினால் தான் உடைந்து மற்றதைக் காக்கும் பின்) இருந்தால் கழற்றிப் பாருங்கள். பழைய லேத்துகளில் அந்த இடத்தில் கடினமான போல்ட்டை அடித்து வைத்திருப்பார்கள். மோதல் வரும்போது பின்னுக்குப் பதிலாக ஏப்ரனுக்குள் (டூல் வண்டியின் முன்பெட்டிக்குள்) இருக்கும் வார்ம் வீல் உடையும். மென்மையான பின்னே இருக்கட்டும். அடுத்து, டி.பி. கியர் உள்ள லேத் என்றால் மரை வெட்டும்போது டூலை நகர்த்தும் லீட் ஸ்க்ரூவும் அங்குலக் கணக்கில் இருக்க வாய்ப்பு அதிகம். சேஞ்ச் கியர்களோடு 127 பல் கியர் ஒன்று கிடந்தால் அதைப் பத்திரமாக வையுங்கள். 25.4-ஐ ஐந்தால் பெருக்கினால் 127. மில்லிமீட்டர் மரை சரியாக வருவது அதனால்தான்.

எண்ணெயின் மினுமினுப்பைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அடியில் இருப்பதை வெள்ளைத் துணியில் வடித்து, துணிக்கு அடியில் காந்தத்தை நகர்த்துங்கள். கூடவே நகரும் நுண்தூள் கியரின் சாதாரணத் தேய்மானம். கூடவே நகரும் செதில்கள் பல்லின் தோல் அல்லது பேரிங்கின் பரப்பு. நகராத மஞ்சள் துகள் ஃபோர்க் பேட் அல்லது வெண்கல புஷ். உங்கள் துணியில் மஞ்சள் இருக்கும் என்றே நினைக்கிறேன். புது எண்ணெயை இயந்திரத் தகட்டில் அல்லது மேனுவலில் சொன்ன தரத்திலேயே ஊற்றுங்கள். கியருக்கு நல்லது என்று லாரி டிஃபரன்ஷியல் எண்ணெயை ஊற்றாதீர்கள். அதில் உள்ள கந்தகச் சேர்க்கை சூட்டில் வெண்கலத்தை அரிக்கும், அதே எண்ணெயில் நனையும் கிளட்ச் பிளேட்டுகளையும் வழுக்கச் செய்யும். பம்ப் உள்ள லேத் என்றால் மூடியைப் போடும் முன் ஒவ்வொரு குழாயின் முனையிலும் எண்ணெய் வருவதைக் கண்ணால் பாருங்கள். அடைத்துப்போன ஒரு சின்னக் குழாய், நீங்கள் செய்த எல்லா வேலையையும் ஒரு வாரத்தில் அழித்துவிடும்.

ஓட்டத் தொடங்கும்போது மிகக் குறைந்த வேகத்தில், சுமையில்லாமல் அரைமணி நேரம். பிறகு ஒவ்வொரு வேகமாக ஏற்றி, ஒவ்வொன்றிலும் பேரிங் மூடிகளைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு வந்தால் நிறுத்திக் காரணம் தேடுங்கள். முதல் பத்து மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு அந்த எண்ணெயை முழுதும் வடித்து, அதே வெள்ளைத் துணி, அதே காந்தம். இந்த முறை மஞ்சளும் செதிலும் இல்லாமல் நுண்தூள் மட்டும் இருந்தால் புது எண்ணெயை ஊற்றிக் கட் எடுக்கத் தொடங்கலாம். பளபளப்புப் பட்டையின் அகலத்தையும், மூன்று பல், நான்கு பல் அளவுகளையும், அந்தத் துணியில் கண்டதையும் எனக்கு எழுதுங்கள். கியர் வெட்டுபவருக்குக் கொடுக்க வேண்டிய வரைபடத்தை அந்த அளவுகளை வைத்துச் சேர்ந்தே முடிவு செய்வோம்.